நிலத்துக்குக் கீழே யார்? ‘சட்’ என்ற பழைய பயங்கரப் படம் பற்றி

மெய்ப்பாடுகளைப் பற்றி வகுப்பில் பேசிக்கொண்டிருந்த ஒரு நாள், பின் வாங்கிலிருந்த மாணவன் ஒருவன் எழும்பிக் கேட்டான்: “சேர், பேய்ப்படம் பாக்கக்குள்ள வாற பயம் இதுல எது?” நல்ல கேள்விதான். அச்சம் நான்கு பொருளில் பிறக்கும் என்கிறார் தொல்காப்பியர்: அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை. பேய்ப்படம் என்றால் அணங்கு என்று சொல்லிவிட்டு நான் அடுத்த மெய்ப்பாட்டுக்குப் போயிருக்கலாம். ஆனால் எனக்கு அப்போது ஞாபகம் வந்தது, அணங்கில் தொடங்கி விலங்கில் புகுந்து கடைசியில் நான்காவதில் வந்து நிற்கிற ஒரு பழைய அமெரிக்கப் படம். அன்றைக்கு அவனுக்கு அரைகுறையாகச் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் ஒழுங்காக எழுதப் பார்க்கிறேன்.

படத்தின் பெயர் ‘சட்’. சீ, எச், யூ, டீ என்ற நான்கு எழுத்துகளைச் சேர்த்து உச்சரித்தால் வருகிற சொல். 1984 இல் வந்தது. இயக்கியவர் டக்ளஸ் சீக். திரைக்கதை பார்னெல் ஹோல் என்பவருடையது. பிற்பாடு துப்பறியும் நாவல்கள் எழுதிப் பெயரெடுத்தவர் அவர். செலவு ஏறத்தாழ பன்னிரண்டரை இலட்சம் டொலர். ஹொலிவூட் கணக்கில் இது கடலைக் காசு. நடித்தவர்களில் இருவரை எங்கட புள்ளைகளுக்கும் தெரியும். ‘ஹோம் எலோன்’ படத்தில் தகப்பனாக வருகிற ஜோன் ஹேர்ட் இதில் படப்பிடிப்பாளர் ஜோர்ஜ் கூப்பர். அதே படத்தில் அடிமேல் அடி வாங்கும் நெட்டைத் திருடன் டானியல் ஸ்டேர்ன் இதில் தாடியோடும் கோபத்தோடும் வருகிற ஏ.ஜே. ஏழைகளுக்குச் சூப்பும் பாணும் கொடுக்கிற இடமொன்றை நடத்துகிறவர், எல்லாரும் அவரை ‘ரெவரண்ட்’ என்று கூப்பிடுகிறார்கள். அப்போது யாருக்கும் தெரியாத ஜோன் குட்மன்கூட ஒரு காட்சியில் பொலிஸ்காரராக வந்து போகிறார்.

நியூயோர்க் நகரத்துக்குக் கீழே, கழிவுநீர்ச் சுரங்கங்களில் மனிதரைத் தின்னும் உருவங்கள் அலைகின்றன. கதை இவ்வளவுதான். இரவுத் தெரு, ஆள் நடமாட்டமில்லை, நிலத்திலிருந்து ஆவி எழும்புகிறது. நாயோடு நடந்து வருகிறாள் ஒரு பெண். மேன்ஹோல் மூடி நகர்கிறது, ஒரு கை நீளுகிறது, பெண்ணும் நாயும் உள்ளே. தொடக்கக் காட்சி இதுதான். அந்தப் பெண் பொலிஸ் கப்டன் பொஷ்ஷின் மனைவி என்பது பிறகுதான் தெரியவரும்.

இத்தகைய படங்களில் இப்படியான தொடக்கத்தை நூறு தரம் பார்த்திருப்போம். ஆனால் அடுத்த அரை மணித்தியாலத்தில் இந்தப் படம் வேறொரு வேலை செய்கிறது. பேயைக் காட்டவில்லை. ஆள் கணக்கெடுக்கிறது.

ரெவரண்டிடம் சாப்பிட வருகிறவர்களில் ஒரு பகுதியினர் சுரங்கத்துக்குள்ளே, நிலத்தடியில் வசிக்கிறவர்கள். அவர்களைக் கொஞ்ச நாளாகக் காணோம். எங்கே போனார்கள் என்று கேட்க அவர்களுக்கு வீடில்லை, விலாசமில்லை, முறைப்பாடு கொடுக்க உறவுமில்லை. அவர்கள் காணாமற் போனதை அறிந்த ஒரே ஆள், அவர்களுக்குச் சூப்பு ஊற்றுகிறவர். பொலிஸாரிடம் சொல்கிறார். யாரும் காது கொடுக்கவில்லை. கப்டன் பொஷ் அவரைத் தேடி வருவதற்கே காரணம், அவருடைய சொந்த மனைவியைக் காணவில்லை என்பதுதான். இந்த இடத்தில் படம் எந்த வசனமும் பேசாமல் ஒரு கணக்கைச் சொல்லிவிடுகிறது: தெருவில் கிடந்தவர்கள் பலர் போனபோது திறக்காத கோவை, கப்டனின் மனைவி போனவுடன் திறக்கிறது.

இன்னொரு காட்சி. வீடற்ற ஒரு முதிய பெண், திருமதி மன்ரோ, பொலிஸ்காரர் ஒருவரின் துப்பாக்கியைப் பறிக்கப் போய்ப் பிடிபடுகிறாள். கூப்பர்தான் அவளைப் பிணையில் எடுக்கிறார். பைத்தியம் என்று தோன்றும். அவள் கூப்பரைச் சுரங்கத்துக்குள் கூட்டிப்போய்த் தன் சகோதரன் விக்டரைக் காட்டுகிறாள். காலில் கடிபட்ட பெரிய காயம். துப்பாக்கி ஏன் தேவைப்பட்டது என்று அப்போது விளங்குகிறது. முழுப் படத்திலும் என்னை உண்மையிலேயே உறுத்துகிற காட்சி இதுதான். தங்களுக்குப் பாதுகாப்பில்லை என்று தெரிந்த ஆக்கள் பாதுகாப்புக்கு எதையாவது தேடினால், அந்தத் தேடலே அவர்கள் மீது குற்றமாகிவிடுகிறது.

இது வெறும் கற்பனை உலகமில்லை. 1970களின் கடைசியில் நியூயோர்க்கின் தெருக்களில் வீடற்றோர் பெருகினார்கள். மனநல மருத்துவமனைகள் நோயாளிகளை வெளியே அனுப்பின, ஒதுங்க ஓரிடமில்லாமல். கிழமைக் கூலிக்குத் தனி அறை கொடுத்த மலிவு விடுதிகள் உடைபட்டுப் பணக்கார மாடிவீடுகளாயின. 1979 இல் ரொபர்ட் ஹேய்ஸ் என்ற இளம் சட்டத்தரணி, ரொபர்ட் கலஹன் என்ற வீடற்ற மனிதர் உள்ளிட்டோர் சார்பாக நகரத்தையும் மாநிலத்தையும் எதிர்த்து வழக்குப் போட்டார். இல்லாதோரைப் பராமரிப்பது அரசின் கடமை என்று மாநில அரசியலமைப்பில் இருக்கும் வாசகம்தான் அவரது ஆயுதம். 1981 இல் இரு தரப்பும் இணங்கி ஒப்பமிட்ட தீர்ப்பாணை, தங்குமிடம் கேட்கும் வீடற்ற ஆண்களுக்கு அதைக் கொடுக்க வேண்டுமென்றது. பெண்களுக்கு அந்த உரிமை பிறகொரு வழக்கில்தான் கிடைத்தது. கலஹன் அந்த ஒப்பத்தைப் பார்க்கவில்லை. அதற்கு முன்பே தெருவில் இறந்து போனார். மூன்று வருசத்துக்குப் பிறகு வந்த படம் ‘சட்’. ரெவரண்ட் கப்டனிடம் கத்துகிற கத்தலை அன்றைய நியூயோர்க் ரசிகன் வெறும் சினிமா வசனமாகக் கேட்டிருக்க மாட்டான்.

அடுத்தது கழிவு. சுரங்கத்துக்குள் கதிரியக்கம் அளக்கும் கருவி கிடக்கிறது. இதெல்லாம் வீடற்றவனின் கையிலிருக்கும் சாமானா? அணுசக்தி ஒழுங்குமுறை ஆணைக்குழுவின் அதிகாரி வில்சன் கதைக்குள் வருகிறார், நல்ல கோட்டு சூட்டோடு. நச்சுக் கழிவை நகரத்துக்குள்ளால் கொண்டுபோகத் தடை இருப்பதால், கொண்டு போகாமல் நகரத்துக்கு அடியிலேயே போட்டுவைத்திருக்கிறார்கள். நிலத்தடி வாசிகள் அந்தக் கழிவுக்கு நடுவே வாழ்ந்து உருமாறிப் போனார்கள்.

கதைக்காகச் சேர்த்த அசட்டுக் காரணம் என்று நானும் முதலில் நினைத்தேன். ஆனால் அந்தத் தடைக்கு நிஜத்தில் வேர் உண்டு. 1976 இல் நியூயோர்க் நகரம் தன் சுகாதார விதிகளைத் திருத்தி, பாவித்த அணு எரிபொருள் போன்றவை நகர வீதிகளால் போவதைத் தடுத்தது. லோங் ஐலண்டிலுள்ள புரூக்ஹேவன் ஆய்வுகூடத்தின் கழிவு வெளியேற வேண்டுமானால் நகரத்துக்குள்ளால்தான் போகவேண்டும். மத்திய அரசு வேறு விதி கொண்டுவந்தது, நகரம் நீதிமன்றம் போனது, 1983 இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் மத்திய அரசின் பக்கம் தீர்ப்புச் சொன்னது. அடுத்த வருசம் படம். படத்தில் வருகிற ஆணைக்குழு செய்யும் குற்றம் கற்பனைதான். ஆனால் ‘இந்த நஞ்சு எந்தத் தெருவால் போகும்’ என்ற கேள்வி அன்றைக்குப் பத்திரிகையில் இருந்த கேள்வி.

இனிப் பெயர். சட் என்றால் என்ன? வில்சன் சொல்லும் விரிவு: கனிபலிஸ்டிக் ஹியூமனொயிட் அண்டர்கிரவுண்ட் டுவெல்லர்ஸ். நரமாமிசம் தின்னும் மனித உருவிலான நிலத்தடி வாசிகள் என்று தமிழில் சொல்லலாம். அதிகாரிகள் அப்படித்தான் பெயர் வைப்பார்கள் என்று நாமும் நம்பிவிடுகிறோம். பிறகு கீழே அகப்பட்டுக்கொண்ட இடத்தில் கழிவுப் பெட்டிகள் கண்ணில் படுகின்றன. அவற்றின் மேல் அதே நான்கு எழுத்து. அங்கே விரிவு வேறு: கொன்டமினேஷன் ஹஸார்ட், அர்பன் டிஸ்போஸல். மாசு அபாயம், நகரக் கழிவகற்றல்.

அதாவது அந்தப் பெயர் முதலில் பீப்பாய்க்குரியது. பீப்பாய்க்குப் பக்கத்தில் கிடந்த மனிதருக்கு அது பிறகு போனது. கழிவின் கோவைப் பெயரையே, கழிவினால் கெட்டுப்போனவர்களின் சாதிப் பெயராக்கிவிட்டார்கள். அவர்களுக்குச் சொந்தப் பெயர் இருந்தது. ரெவரண்டுக்குத் தெரிந்த பெயர்கள் அவை.

தொல்காப்பியரின் பட்டியலில் ஒரு நுட்பம் உண்டு. அணங்கு, விலங்கு, கள்வர் மூன்றையும் சும்மா சொல்கிறார். நான்காவதற்கு மட்டும் ‘தம்’ என்ற சொல்லைச் சேர்க்கிறார். தம் இறை. உரைகாரர் இறை என்பதற்கு அரசன் முதலானோரைச் சொல்வர். பேயும் புலியும் திருடனும் வெளியே இருந்து வருகிறவை; கதவைச் சாத்தலாம், பந்தம் கொளுத்தலாம். தன்னுடைய இறையிடமிருந்து வரும் அச்சத்துக்கு அந்த வழி இல்லை. கதவின் திறப்பும் அவரிடந்தானே. வில்சனின் திட்டமும் இதுதான்: சுரங்க வாசல்களை அடைத்துவிட்டு, கீழே வாயுவைத் திறந்துவிட்டு, உள்ளே இருப்பதையெல்லாம் மூச்சடைத்துக் கொல்வது. உள்ளே இன்னும் மனிதர் இருக்கலாமே என்றால் அது அவருக்கு ஒரு பிரச்சினையே இல்லை. மேலே இருக்கும் நகரத்துக்கே ஆபத்து என்பதும் இரண்டாம் பட்சம். பெட்டியின் மேல் எழுதியிருப்பதை யாரும் வாசிக்கக் கூடாது, அவ்வளவுதான்.

இந்தப் படத்தை முன்பொருமுறை பார்த்தபோது அந்த எழுத்து விளையாட்டைக் கெட்டிக்காரத்தனம் என்று ரசித்துவிட்டு விட்டேன். 2020க்குப் பிறகு பார்த்தபோது ரசிக்க முடியவில்லை. காரணம் வாசகர்களுக்குத் தெரியும். அந்த வருசம் ஏப்ரல் 11 ஆம் திகதி வந்த வர்த்தமானி, கொவிட்டில் மௌத்தானவர்களை எரிப்பதைக் கட்டாயமாக்கியது. அடக்கினாலும் எரித்தாலும் ஒன்றுதான் என்று உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல் இருந்தது. எங்களுக்குச் சொல்லப்பட்டதோ, மையித்தை மண்ணில் வைத்தால் நிலத்தடி நீர் மாசுபடும் என்பது. பிறந்து 20 நாளான பச்சைப் புள்ளை வரைக்கும் எரிக்கப்பட்டது. 2021 பெப்ரவரிக் கடைசியில்தான் அந்த விதி மாறியது. மார்ச்சிலிருந்து ஓட்டமாவடி மஜ்மா நகரில் அடக்கினோம். 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கேட்கத் தீர்மானித்தது. அரசியல் பேச நான் இதைக் கொண்டுவரவில்லை. மாசு என்ற சொல் ஒரு பொருளிலிருந்து மனிதர் மீது எப்படி நழுவி விழும் என்பதை, அது விழுந்த இடத்தில் நின்று பார்த்தவர்கள் நாங்கள். படத்தின் அந்தப் பெட்டியை நாங்கள் வேறு கண்ணோடு வாசிப்போம்.

இவ்வளவு சொன்ன பிறகு இது பெரிய படமென்று நினைத்துவிட வேண்டாம். படம் தன் கையில் கிடைத்ததைத் தானே நம்பவில்லை.

இளிவரல் என்று இன்னொரு மெய்ப்பாடு இருக்கிறது. மூப்பு, பிணி, வருத்தம், மென்மை என்ற நான்கில் அது பிறக்கும். நிலத்தடியில் வாழும் அந்த மனிதரை நினைத்துப் பாருங்கள்: கிழவி, கடிபட்ட கால், குளிர், கையாலாகாத்தனம். நாலும் அங்கே அப்படியே இருக்கிறது. படத்தின் முதற்பாதி இந்த இளிவரலில்தான் நிற்கிறது. அதிலிருந்து இரக்கத்துக்குப் போகும் பாதை திறந்து கிடக்கிறது. பிற்பாதியில் படம் அதைச் சாத்திவிட்டு, இளிவரலைத் திருகி அச்சமாக்குகிறது. அதுவும் மலிவான அச்சம். பச்சைத் தோல், வழுவழுப்பு, கண்ணில் மஞ்சள் பல்பு. இறப்பர் உடுப்புக்குள் ஆள் நடப்பது கண்ணுக்குத் தெரிகிறது. கூப்பரின் துணைவி லோரன் வீட்டில் தனியே இருக்கும்போது ஒன்று உள்ளே வந்து, கழுத்தை நெடுநெடுவென்று நீட்டுகிறது, அவள் வாளால் வெட்டுகிறாள். அச்சம் வரவேண்டிய இடத்தில் வருவது நகை. அதுவும் எள்ளல் வகை நகை. குளியலறைக் குழாயிலிருந்து இரத்தம் பீச்சியடிக்கும் காட்சியும் இப்படித்தான், கதைக்கு ஒட்டாமல் நிற்கிறது.

உடுப்பு மலிவு என்பதல்ல என் முறைப்பாடு. காசில்லாத படத்தில் காசில்லாத பேய்தான் வரும். ஆனால் ஒரு மனிதன் சட் ஆக மாறும் காட்சி முழுப் படத்திலும் ஒன்றுகூட இல்லை. அதற்குக் காசு வேண்டாம். ஒரு நடிகனின் முகமும் கொஞ்ச நேரமும் போதும். ரெவரண்டிடம் தினம் சூப்பு வாங்கிய ஒருவர் மாறி வந்து எதிரே நிற்கிறார், ரெவரண்ட் அவரை அடையாளம் காண்கிறார் என்று ஒரு காட்சி வைத்திருந்தால்? அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டிருந்தால்? அந்தக் கூப்பிடுதல் இல்லாததால், வில்சன் செய்ததையே படமும் செய்கிறது: மனிதரைக் கோவைப் பெயரால் மட்டும் அழைக்கிறது. எல்லாச் சட்டும் ஒரே முகம். மேலே வந்தால் கொல்ல வேண்டியது, அவ்வளவுதான்.

முடிவிலும் இதே சோம்பல். வில்சன் லொறியோடு வெடித்துச் செத்துப் போகிறார். கெட்டவன் ஒழிந்தான், படம் முடிந்தது. பீப்பாய்களைக் கீழே இறக்க ஒப்பமிட்ட கை ஒரே ஒருவருடையதா? அந்தக் காரியாலயம் அடுத்த நாள் காலை எட்டரைக்குத் திறந்திருக்காதா? இறையை ஒற்றை வில்லனாகச் சுருக்கிவிட்டால் அது நான்காவது அச்சமில்லை, மூன்றாவது. கள்வர்.

இதற்கிடையில் ஒன்று சொல்ல வேண்டும். பேய்ப்படம் பார்த்தால் புள்ளைகளின் அகீதா கெட்டுவிடும் என்று சில பெற்றோர் என்னிடம் வருத்தப்படுவதுண்டு. ஜின், சூனியம், ஆவி என்று கண்டதையும் காட்டும் படங்களைப் பொறுத்தவரை அந்தக் கவலையை நான் தள்ளிவிடுவதில்லை. இந்தப் படத்தில் ஜின்னும் இல்லை, சூனியமும் இல்லை. இருப்பது ஒரு திணைக்களம்.

படத்துக்குள்ளேயே தன்னைத் தான் சந்தேகிக்கிற ஒரு பாத்திரமும் உண்டு, கூப்பர். வீடற்றோரைப் படம்பிடித்துப் பெயர் வாங்கியவர் அவர். இப்போது அழகுப் பொருட்களுக்கு விளம்பரப் படம் பிடித்துப் பிழைக்கிறார். ஏழையின் முகம் அவருக்கு ஒருகாலத்தில் மூலதனமாக இருந்தது. இந்தப் படமும் அதே மூலதனத்தில்தான் நடக்கிறது என்று இயக்குனருக்குத் தெரிந்திருக்குமா? கூப்பரின் முகத்தில் ஜோன் ஹேர்ட் காட்டுகிற ஒரு சலிப்பைப் பார்க்கும்போது, நடிகனுக்காவது தெரிந்திருக்கிறது என்று படுகிறது.

பெரிய வரவேற்பு இல்லாமல் திரையரங்கை விட்டுப் போன படம் வீடியோ கசெட்டில் பிழைத்தது. 1989 இல் பேருக்கு ஒரு இரண்டாம் பாகமும் வந்தது. அது பகிடிப் படம், அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. முப்பது வருசத்துக்குப் பிறகு, 2019 இல், ஜோர்தான் பீல் தன்னுடைய ‘அஸ்’ படத்தின் முதற் காட்சியில் தொலைக்காட்சிப் பெட்டிக்குப் பக்கத்தில் ‘சட்’ கசெட்டை வைத்தார். அந்தத் தொலைக்காட்சியில் ஓடுவது, பசித்தோருக்கும் வீடற்றோருக்கும் நிதி சேர்க்க 1986 இல் அமெரிக்கா நெடுகக் கைகோர்த்து நின்ற நிகழ்ச்சியின் விளம்பரம். பீலின் படத்திலும் சுரங்கத்துக்குள் கைவிடப்பட்ட ஆக்கள் மேலே வருகிறார்கள். ஆனால் அவர்களுக்கு முகம் உண்டு. மேலே இருக்கிறவர்களின் அதே முகம். ‘சட்’ எடுக்காமல் விட்ட காட்சியை இன்னொருவர் வந்து எடுத்ததாகவே அது எனக்குப் பட்டது.

நிஜச் சுரங்கத்துக்குள்ளும் ஒரு கமரா போயிருக்கிறது. மார்க் சிங்கர் என்ற ஆங்கிலேயர், அதுவரை படமே எடுத்திராதவர், ரிவர்சைட் பூங்காவுக்குக் கீழேயுள்ள ரயில் சுரங்கத்தில் வாழ்ந்தவர்களைக் கறுப்பு வெள்ளையில் எடுத்த ஆவணப் படம் ‘டார்க் டேய்ஸ்’, 2000 இல் வந்தது. அந்தச் சுரங்க வாசிகளே அவருக்கு லைற் பிடித்தார்கள், கமராவைத் தள்ளினார்கள். பலகையால் அடித்த குடிசைகளில் அவர்கள் சமைக்கிறார்கள், சவரம் செய்கிறார்கள், நாய் வளர்க்கிறார்கள், பழைய தவறுகளைச் சொல்லி அழுகிறார்கள். ரயில் கம்பெனி வெளியேறச் சொல்கிறது. இழுபறிக்குப் பிறகு அவர்களுக்கு வீடு கிடைக்க வழி பிறக்கிறது. கிடைத்ததும், இத்தனை வருசம் இருந்த குடிசையைச் சம்மட்டி எடுத்து அடித்து நொறுக்குகிறார்கள், சிரித்துச் சிரித்து.

கேள்வி கேட்ட மாணவனிடம் இரண்டு படத்தையும் பார்க்கச் சொன்னேன். முதலில் ‘டார்க் டேய்ஸ்’, பிறகு ‘சட்’. அவன் மறுதலையாகப் பார்த்துவிட்டு வந்தான். “சேர், சட் பாக்கக்குள்ள சிரிப்புத்தான் வந்திச்சி. மத்தப் படத்தைப் பாத்திட்டுத் திரும்பப் போட்டன், அந்தக் கிழவி துவக்கப் பறிக்கிற இடத்தோட நிப்பாட்டிட்டன்” என்றான்.